எஞ்சினின் வலு எங்கிருந்து வருகிறது? முறுக்கு, சுழற்சி, எண்ணெய்

தாப்பா பட்டணத்து எண்ணெய் நிலையத்தில் காலை ஏழு மணிக்கு வரிசையைப் பாருங்கள். வேலைக்குப் போகும் பையனின் யமஹா ஒய்15 மோட்டார் சைக்கிள், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வரும் மைவி கார், தோட்டத்து ஹைலக்ஸ் பிக்கப், கேமரன் மலைக்கு உரமூட்டை ஏற்றிப் போகும் லோரி. இவற்றில் எது வலுவான எஞ்சின் என்று கேட்டால் எல்லாரும் குதிரைத்திறனைச் சொல்வார்கள். அந்த ஒரு எண் பாதிக் கதையைத்தான் சொல்லும். ஏற்றத்தில் ஒரு வண்டி திணறுவதற்கும் இன்னொன்று அலட்டிக்கொள்ளாமல் ஏறுவதற்கும் காரணம் மீதிப் பாதியில் இருக்கிறது.

முதலில் முறுக்கு விசை. டயர் பஞ்சராகி, சக்கரத்து நட்டைக் கழற்றுகிறீர்கள். கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பானரை மாட்டி, அதன் நுனியில் 40 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறீர்கள். நட்டின் மேல் ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை விழுகிறது. நட்டு அசையவில்லை. ஸ்பானரில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி நீளத்தை அரை மீட்டர் ஆக்குகிறீர்கள். இப்போது 20 கிலோ அழுத்தமே அதே முறுக்கைத் தந்துவிடும். கவனியுங்கள்: நட்டு அசையாமல் நின்றபோதும் முறுக்கு விசை இருந்தது. வேலை மட்டும் நடக்கவில்லை. நட்டு சுழலத் தொடங்கிய பிறகுதான் வேலை நடக்கிறது. எவ்வளவு விரைவாகச் சுழல்கிறதோ, அவ்வளவு விரைவாக வேலை முடிகிறது. இந்த வேலை முடியும் விரைவைத்தான் திறன் என்கிறோம்.

எஞ்சினுக்குள்ளும் இதேதான். பிஸ்டன் அழுத்துகிறது, கிராங்க் தண்டு ஸ்பானர் போல நிற்கிறது. ஒவ்வொரு எரிப்பும் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்பது முறுக்கு விசை. நிமிடத்தில் எத்தனை சுற்று என்பது ஆர்பிஎம். இரண்டையும் பெருக்கினால் திறன்:

கிலோவாட் = முறுக்கு விசை × ஆர்பிஎம் ÷ 9549

9549 எங்கிருந்து வந்தது என்று குழம்ப வேண்டாம். ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனி ஒரு சுற்றில் 6.283 மீட்டர் நகரும். நிமிடத்தை வினாடியாக்க 60, வாட்டைக் கிலோவாட்டாக்க 1000. ஆக 60,000ஐ 6.283ஆல் வகுத்தால் 9549. அலகு மாற்றம், அவ்வளவுதான். விளம்பரங்களில் வரும் பிஎஸ், அதாவது மெட்ரிக் குதிரைத்திறன், 735.5 வாட். ஒரு கிலோவாட் என்றால் 1.36 பிஎஸ். ஜேம்ஸ் வாட் காலத்து ஆங்கிலேயக் குதிரைத்திறன் 745.7 வாட். இந்தச் சின்ன வித்தியாசத்தால்தான் ஒரே காருக்கு ஓர் இடத்தில் 102 என்றும் இன்னோர் இடத்தில் 103 என்றும் போடுகிறார்கள்.

மூன்று எஞ்சின், ஒரு கணக்கு

இனி நம் வரிசையில் நிற்கும் வண்டிகளுக்கு இந்தக் கணக்கைப் போடுவோம்.

150 சிசி ஒய்15 எஞ்சின் 7000 ஆர்பிஎம்மில் 13.8 நியூட்டன் மீட்டர் தருகிறது. கணக்குப்படி அந்த இடத்தில் திறன் 10.1 கிலோவாட். அதன் உச்சத் திறனோ 8500இல் 11.3 கிலோவாட். கணக்கைத் திருப்பிப் போட்டால் 8500இல் முறுக்கு 12.7ஆக இறங்கியிருக்கிறது. முறுக்கு குறைந்தும் திறன் கூடியிருக்கிறது, ஏனென்றால் முறுக்கு இறங்கியதைவிடச் சுழற்சி வேகமாக ஏறிவிட்டது. புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். முறுக்கின் உச்சமும் திறனின் உச்சமும் ஒரே ஆர்பிஎம்மில் வருவதில்லை. 8500ஐத் தாண்டிய பிறகு முறுக்கு இன்னும் வேகமாகச் சரிகிறது, திறனும் கூடவே சரிகிறது. அதற்கு மேல் முறுக்கினால் சத்தம்தான் மிச்சம்.

1.5 லிட்டர் மைவி 4200இல் 136.5 நியூட்டன் மீட்டர், 6000இல் ஏறத்தாழ 76 கிலோவாட். இப்போது இரண்டையும் லிட்டர் கணக்கில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒய்15க்கு ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 92 நியூட்டன் மீட்டர். மைவிக்கு 91. மோட்டாரும் காரும் ஏறத்தாழ ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன! ஆனால் திறனில் ஒய்15 லிட்டருக்கு 75 கிலோவாட், மைவி 50தான். வித்தியாசம் பெரும்பாலும் சுழற்சியில் இருக்கிறது: ஒன்று 8500இல், மற்றது 6000இல்.

2.4 லிட்டர் டீசல் ஹைலக்ஸுக்கு 1600 முதல் 2000 ஆர்பிஎம் வரை 400 நியூட்டன் மீட்டர். லிட்டருக்கு 167. உச்சத் திறன் 3400இல் 110 கிலோவாட், அதாவது லிட்டருக்கு 46. முறுக்கில் மற்ற இரண்டையும் எங்கோ விட்டுவிட்டது, லிட்டர் கணக்குத் திறனில் மூன்றாவதாக நிற்கிறது. மெதுவாகச் சுழல்வதால் வந்த நிலை இது.

2000 ஆர்பிஎம்மில் ஹைலக்ஸ் தருவது 84 கிலோவாட். மைவி தன் உச்ச முறுக்கை அந்த 2000இலேயே கொடுத்தால்கூட 29 கிலோவாட்டைத் தாண்டாது, உண்மையில் அதற்கும் கீழேதான். ஹைலக்ஸ் ஏற்றத்தில் கியரை மாற்றாமலே ஏறுவதற்கும், மைவியில் கியரை இறக்கி 4000க்கு மேல் கொண்டுபோக வேண்டியிருப்பதற்கும் காரணம் இதுதான்.

இன்னொரு கணக்கு. மொத்தம் 10 டன் எடையுள்ள லோரி, 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் ஏற்றத்தில், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது. எடையைத் தூக்கவும் டயர் உருளவும் ஏறத்தாழ 6870 நியூட்டன் விசை வேண்டும். வினாடிக்கு 11.1 மீட்டர் வேகத்தோடு பெருக்கினால் 76 கிலோவாட். மைவியின் உச்சத் திறன் அளவு! கியர்ப் பெட்டியில் வீணாவதை விட்டுவிட்டால், பொருத்தமான கியர் போட்டு மைவி எஞ்சினால் அந்த லோரியை இழுத்துவிட முடியும் என்றே தாளில் வரும். ஆனால் அதற்கு அது ரிங்லெட் வரை 6000 ஆர்பிஎம்மில், முழு ஆக்சிலேட்டரில் ஓட வேண்டும். லோரியின் டீசல் எஞ்சின் 2000 ஆர்பிஎம்மில் 363 நியூட்டன் மீட்டர் கொடுத்தே அதே 76 கிலோவாட்டைத் தந்துவிடும். பேரிங், வால்வு, குளிரூட்டும் நீர், கறுப்பெண்ணெய் (எஞ்சினின் மசகு எண்ணெய்) எல்லாம் அந்தச் சுமையை வருடக்கணக்கில் தாங்கும்படி கனமாகச் செய்யப்பட்டவை. திறன் ஒன்றாக இருக்கலாம், ஆயுள் ஒன்றாகாது.

கியரால் திறனைக் கூட்ட முடியாது. சுழற்சியைக் குறைத்து முறுக்கைக் கூட்டும், அல்லது மறுபக்கம் மாற்றும். கப்சாய் எனும் சின்ன மோட்டார் சைக்கிளில் பின் ஸ்ப்ரோக்கெட் (சங்கிலிப் பல்சக்கரம்) 36 பல்லிலிருந்து 40 பல்லுக்கு மாற்றினால் சக்கரத்தில் முறுக்கு 11 விழுக்காடு கூடும். அதே எஞ்சின் சுழற்சிக்கு வண்டியின் வேகம் 10 விழுக்காடு குறையும். தோட்டத்து மேட்டில் இரண்டு பேர் ஏறிப் போக இது நல்ல மாற்றம். நெடுஞ்சாலையில் ஈப்போ வரை போகிறவருக்கு வேண்டாத செலவு.

எல்லாம் காற்றில் இருக்கிறது

ஒய்15உம் மைவியும் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரே முறுக்கைத் தருவது ஏன்? டர்போ (காற்றை அமுக்கி உள்ளே திணிக்கும் கருவி) இல்லாத எஞ்சினால், தன் கொள்ளளவு எவ்வளவோ அவ்வளவு காற்றைத்தான் உறிஞ்ச முடியும். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் சிலிண்டர் காற்றை இழுக்கும். 1.5 லிட்டர் எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் நிமிடத்திற்கு 4500 லிட்டர், அதாவது ஏறத்தாழ 5 கிலோ காற்று இழுக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஆகவே அந்த 5 கிலோ காற்றால் எரிக்க முடிவது 340 கிராம் பெட்ரோல். அதற்கு மேல் ஊற்றினால் எரியாமல் புகையாக வெளியேறும். எரிந்ததிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் தண்டைச் சுழற்றுகிறது. மீதி ரேடியேட்டரிலும் புகைக்குழாயிலும் வெப்பமாகப் போகிறது.

எண்ணெயை எவ்வளவு வேண்டுமானாலும் பீய்ச்சலாம், காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் கடினம். எஞ்சினின் வலுவைக் கூட்டும் வழிகள் எல்லாமே காற்றைச் சுற்றியவை: கொள்ளளவைப் பெரிதாக்குவது, அடிக்கடி இழுக்க வைப்பது, அதாவது ஆர்பிஎம்மை ஏற்றுவது, அல்லது டர்போ வைத்து அமுக்கித் திணிப்பது. ஹைலக்ஸின் 167க்கு டர்போதான் காரணம்.

‘டீசல் என்றாலே இழுவை’ என்ற பேச்சு எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. டர்போ இல்லாத பழைய டிராக்டர் டீசல் எஞ்சினை எடுத்துக் கணக்குப் போட்டால் லிட்டருக்கு 70 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் வரும், மைவியைவிடக் குறைவு. டீசல் காற்றோடு கலக்க நேரம் குறைவாக இருப்பதால், எல்லாக் காற்றையும் எரித்துத் தீர்க்க முயன்றால் கரும்புகை வந்துவிடும். அதனால் எப்போதும் கொஞ்சம் காற்றை மிச்சம் வைத்தே ஓட்ட வேண்டும். அந்த டிராக்டர் நன்றாக இழுப்பது பெரிய கொள்ளளவாலும், கீழ் ஆர்பிஎம்மிலேயே முறுக்கு கிடைப்பதாலும், கியர் குறைப்பாலும்.

எண்ணெய் மாறினால் என்ன மாறும்?

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல், டீசலில் 36. டீசல் கனமானது, அதனால் லிட்டர் கணக்கில் கூடுதல். இது டாங்கி எவ்வளவு தூரம் வரும் என்பதைச் சொல்கிறதே தவிர, எஞ்சினின் உச்சத் திறனைச் சொல்வதில்லை. ஒரு கிலோ காற்றை வைத்து எரித்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தைத்தான் தருகின்றன. எண்ணெய் வகை எஞ்சினைத் தொடும் இடம் வேறு: எவ்வளவு அமுக்கலாம், எவ்வளவு விரைவாக எரியும் என்பதில்.

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்தே அமுக்கப்படுகின்றன, பிளக் பொறி வைக்கிறது. அளவுக்கு மீறி அமுக்கினால் பொறியிலிருந்து தீ பரவி வந்து சேரும் முன்பே மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். ‘டக் டக்’ என்று உலோகத்தைத் தட்டும் சத்தம் கேட்கும். ரோன் எண் இந்தத் தானே வெடிப்பதை எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவு. ரோன்97இல் ரோன்95ஐவிடக் கூடுதல் சக்தி எதுவும் அடைத்து வைக்கப்படவில்லை. ரோன்95க்கு என்று வடிவமைத்த எஞ்சினில் 97 ஊற்றினால் காசுதான் செலவாகும். அமுக்கம் மிகுந்த எஞ்சின், அல்லது டர்போ பெட்ரோல் எஞ்சின், கையேட்டிலேயே 97 கேட்டால் அது வேறு. அங்கே 95 ஊற்றினால் தட்டல் சென்சார் பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும், முறுக்கு குறையும். தட்டல் கேட்கும் பழைய எஞ்சினில் முதலில் பார்க்க வேண்டியது எரிப்பறையில் படிந்த கரி. அது இடத்தை அடைத்து அமுக்கத்தை ஏற்றியிருக்கும்.

டீசலில் காற்றை மட்டும் அமுக்குகிறோம். ஹைலக்ஸின் அமுக்க விகிதம் 15.6க்கு 1. அமுங்கிய காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகி, பீய்ச்சியதும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. அமுக்கம் கூடுதலாக இருப்பதால் எண்ணெயிலிருந்து அதிக வேலை கிடைக்கிறது. ஆனால் கலந்து எரிய நேரம் வேண்டும், பாகங்களும் கனம். அதனால் 5000 ஆர்பிஎம்மைத் தாண்டும் டீசல் எஞ்சின் அரிது. டீசலின் திறனுக்குக் கூரை போடுவது இந்தச் சுழற்சி வரம்புதான்.

இயற்கை எரிவாயு போட்ட வண்டியில் வாயுவே உள்ளே வரும் காற்றின் இடத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கிறது. காற்று குறைகிறது, திறனும் அதே அளவு குறைகிறது.

செம்பனையும் டீசல் டாங்கியில் இருக்கிறது. 2019இல் மலேசியாவில் போக்குவரத்துக்கான டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த மெத்தில் எஸ்டர் கலக்கத் தொடங்கினார்கள், பி10 என்பது அதுதான். எஸ்டரில் லிட்டருக்குச் சக்தி டீசலைவிட 8 விழுக்காடு வாக்கில் குறைவு, ஆகவே பத்தில் ஒரு பங்கு கலந்தால் இழப்பு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. ஓட்டுபவருக்குத் தெரியாது. தெரிய வருவது வேறு விதத்தில்: எஸ்டர் பழைய டாங்கியின் அடியில் படிந்த கசடைக் கரைத்துக் கொண்டுவந்து பில்டரை அடைக்கும், தண்ணீரையும் சாதாரண டீசலைவிட அதிகம் பிடித்து வைக்கும். வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கும் டிராக்டரில் டாங்கியை நிரப்பியே நிறுத்துங்கள், வெற்றிடத்தில் ஈரம் படியாது. மறுபடி எடுக்கும் முன் பில்டரின் அடித் திருகைத் திறந்து, கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு படலம் நின்றால் அது தண்ணீர். சுத்தமான டீசல் வரும்வரை விடுங்கள்.

புல் வெட்டும் இரண்டு வீச்சு மெஷினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு எரிப்பு, அதனால் அந்தச் சின்ன எஞ்சினுக்கு அந்த வலு. பெட்ரோலோடு கலக்கும் 2டி மசகு எண்ணெய் 25க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50க்கு 1 என்றால் 20 மில்லி. 8000 ஆர்பிஎம்மில் ஒரு கிலோவாட் தரும் மெஷினில் முறுக்கு 1.2 நியூட்டன் மீட்டர்தான். லாலாங் புல் புதரில் நுழைந்தபின் ஆக்சிலேட்டரை அழுத்தினால் கத்தி நின்றுவிடும். சுழற்சியை ஏற்றிக்கொண்டுதான் நுழைய வேண்டும்.

வலு குறைந்தால் எங்கே பார்ப்பது?

எந்த ஆர்பிஎம்மில் குறைகிறது என்பதைக் கவனித்தால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

மேல் ஆர்பிஎம்மில் மட்டும் மூச்சு முட்டினால் காற்றோ எண்ணெயோ போதிய அளவு வரவில்லை. தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடும் வண்டியில் முதலில் ஏர் பில்டரைக் கழற்றுங்கள். காகித மடிப்பை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி ஊடுருவ வேண்டும். மடிப்புக்குள் செங்காவித் தூள் இறுகிக் கிடந்தால் மாற்றிவிடுங்கள். காற்றடித்துச் சுத்தம் செய்வதானால் உள்ளிருந்து வெளியே, மெதுவாக. வெளியிலிருந்து பலமாக அடித்தால் தூள் காகிதத்துக்குள் இறங்கிவிடும், காகிதமும் கிழியும். கிழிந்த பில்டர் அடைத்த பில்டரைவிடக் கெடுதல், மண்துகள் பிஸ்டன் வளையங்களை அரைத்துவிடும். ஸ்பஞ்சு பில்டரைச் சோப்பு நீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, பில்டர் எண்ணெய் தொட்டுப் பிழிந்து போட வேண்டும்.

எல்லா ஆர்பிஎம்மிலும் வலு குறைந்திருந்தால் அமுக்கம் போயிருக்கலாம். பிளக்கைக் கழற்றி அளவுமானியை மாட்டி, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து உதையுங்கள். நல்ல பெட்ரோல் எஞ்சினில் 10 முதல் 13 பார் வரை வரும். குறைந்தால் பிளக் துளையில் ஒரு சின்னக் கரண்டி கறுப்பெண்ணெய் விட்டு மறுபடி அளங்கள். எண் ஏறினால் வளையம் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்து எஞ்சினைப் பிரிக்கும் முன் இந்த ஐந்து நிமிடச் சோதனையைக் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள்.

ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் எஞ்சின்மேல் பழி இல்லை, கிளட்ச் வழுக்குகிறது. டர்போ டீசலில் திடீரென இழுவை போய், கரும்புகையும் ‘ஸ்ஸ்’ என்ற சத்தமும் வந்தால் டர்போவிலிருந்து வரும் ரப்பர்க் குழாய் விலகியிருக்கும் அல்லது பிளந்திருக்கும். நீலப் புகை என்றால் கறுப்பெண்ணெய் எரிகிறது.

டீசல் வண்டியில் தவறிப் பெட்ரோல் ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. உயரழுத்த பம்ப்பை வழுவழுப்பாக வைத்திருப்பதே டீசல்தான். பெட்ரோல் கலந்தால் பம்ப் உலோகத்தோடு உலோகம் உரசித் தேய்ந்து, அந்தத் தூள் இன்ஜெக்டர் வரை போகும். வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி, டாங்கியை முழுதாக இறக்கச் சொல்லுங்கள். கொஞ்சம்தானே என்று டீசலை மேலே ஊற்றி ஓட்ட வேண்டாம்.

மலை ஏறும்போது

தாப்பாவிலிருந்து 59ஆம் எண் சாலையில் ஏறினால் தானா ராத்தா ஏறத்தாழ 1440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத எஞ்சின் தன் திறனில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை இழக்கிறது. மைவியின் 76 கிலோவாட் அங்கே 66 வாக்கில் நிற்கும். கார்புரேட்டர் உள்ள பழைய கப்சாயில் காற்று குறைந்தும் பெட்ரோல் அதே அளவில் வந்து, பிளக் கரி படிந்து கறுக்கும். இன்ஜெக்ஷன் எஞ்சின் தானே அளவைக் குறைத்துக்கொள்ளும். டர்போ வண்டிக்கு இந்த இழப்பு மிகக் குறைவு, மெலிந்த காற்றையும் அது அமுக்கித் திணித்துவிடும்.

ஏற்றத்தில் பெரிய கியரில் 1500 ஆர்பிஎம்மில் மைவியை முழுதாக மிதித்து இழுக்க வைக்காதீர்கள். தட்டல் வரும், பேரிங்கில் கறுப்பெண்ணெய்ப் படலம் மெலியும், வெப்பம் ஏறும். கியரை இறக்கி 3500, 4000இல் வைத்தால் சத்தம் கூடும், எஞ்சின் நோகாது. தானியங்கிக் கியர் வண்டியில் நெம்புகோலைக் கீழ்க் கியரில் போடுங்கள். திரும்பி இறங்கும்போதும் அதே கியர்தான்: பெட்ரோல் நின்ற எஞ்சின் மூடிய காற்று வழியில் காற்றை இழுக்கத் திணறும் வேலையும் உராய்வும் சேர்ந்து வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக் சூடாகி மணக்காது.